ஜல்லிக் குவியலும் சிமெண்ட் மூட்டையும்

பல்லடத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு தறிக்குடோனோ வீடோ எழும்பிக்கொண்டிருக்கும். வாசலில் இரண்டு சரக்கு கிடக்கும். ஒன்று, லாரி கொட்டிவிட்டுப் போன முக்கால் இன்ச் ஜல்லி. கோவை சாலையில் காரணம்பேட்டைப் பக்கத்துக் கிரஷரில் உடைபட்டு வந்தது. இன்னொன்று, தார்ப்பாய்க்குள் அடுக்கிய சிமெண்ட் மூட்டை. அரியலூர்ச் சீமையில் அரைத்த சிமெண்ட் என்றால், அது அதே நெடுஞ்சாலையில் எதிர்த் திசையிலிருந்து, திருச்சியும் கரூரும் தாண்டி வந்திருக்கும். கொத்தனாருக்கு முதலாவது கல், இரண்டாவது மாவு. நிலவியல் படித்தவருக்கு இரண்டும் கல்லே. முதலாவது, பூமியின் ஆழத்தில் உருகி இறுகி, பிறகு மறுபடி வெந்து மடிந்த பாறையின் சில்லு. இரண்டாவது, கடலடியில் சிப்பியும் சேறும் படிந்து கெட்டியான சுண்ணாம்புப் பாறை. 1450 பாகை வெப்பத்தில் சுட்டுப் பொடித்து மூட்டை கட்டியது. கான்கிரீட்டின் கன அளவில் முக்கால் பங்குவரை ஜல்லியும் மணலும்தான். மீதி இடத்தை அடைத்துப் பிடித்திருப்பது கடலடிக் கல்லின் சாம்பல்.

தீப்பாறைக்கும் படிவுப்பாறைக்கும் உள்ள வேறுபாட்டைப் பள்ளிப் புத்தகம் ஓர் அட்டவணையில் முடித்துவிடும். இது கடினம், அது மென்மை. இதில் படிகம், அதில் அடுக்கு. இதில் புதைபடிவம் கிடையாது, அதில் உண்டு. மதிப்பெண் வாங்க அது போதும். பல்லடத்தில் நின்று பார்க்கிறவனுக்கு அந்த அட்டவணையில் விட்டுப்போன ஒரு வரி கண்ணை உறுத்துகிறது: கல்லுக்குள் காலியிடம் எங்கே இருக்கிறது? மணிக்கும் மணிக்கும் நடுவிலா, விரிசலிலா? இந்த ஊரின் கிணறு, ஆயிரம் அடி போர்வெல், நொய்யல் ஆறு பட்ட பாடு எல்லாம் அந்தக் கேள்விக்கான விடையில் அடங்கியிருக்கின்றன என்பதுதான் நான் சொல்ல வருவது.

முதலில் ஒரு திருத்தம். ஜல்லியைத் தீப்பாறை என்று சொன்னால் நிலவியல் ஆசிரியர் சிவப்பு மையில் கோடு போடுவார். பல்லடத்துக்குக் கீழே கிடப்பது பெரும்பாலும் நீஸ் என்ற உருமாறிய பாறை. வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. அதில் பெரும்பகுதி, உருகிய குழம்பு ஆழத்தில் மெல்ல ஆறிக் கிரானைட் இனமாகப் பிறந்தது. பிறகு கண்டத்தின் அடிவயிற்றில் அகப்பட்டு, சூட்டிலும் அழுத்தத்திலும் பிசையப்பட்டு, கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு விழுந்தது. ஆகவே அது தீப்பாறையின் வழித்தோன்றல். பெயர் மட்டும் மாறியிருக்கிறது. சந்தையில் இந்தத் தகராறு எதுவும் கிடையாது. பாலிஷ் ஏறினால் கிரானைட், ஏறாவிட்டால் கருங்கல், உடைத்தால் ஜல்லி, இன்னும் அரைத்தால் எம்.சாண்ட்.

கல்குவாரிச் சுவரை ஒருமுறை நிதானமாகப் பார்க்கவேண்டும். சாம்பல் நிறப் பாறையில் வரி வரியாகக் கோடுகள் ஓடும். அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒரு நரம்பு மேலேறும். விரல் மொத்தமும் இருக்கும், ஆள் உயரமும் இருக்கும். நம் ஊரில் வெங்கச்சங்கல் என்பார்களே, சிறுவர்கள் இருட்டில் உரசித் தீப்பொறி பார்க்கும் அந்தக் குவார்ட்சும், கூடவே ஃபெல்ஸ்பாரும் சேர்ந்த நரம்பு. இந்தச் சாதாரணக் காட்சிதான் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் ஒரு பெரிய வழக்கைத் தீர்த்துவைத்தது.

அன்றைக்கு ஜெர்மனியின் ஃப்ரைபர்க் சுரங்கக் கல்விக்கூடத்தில் வெர்னர் என்ற ஆசிரியர் கோலோச்சினார். உலகின் பாறைகள் கிட்டத்தட்ட எல்லாமே ஆதிக்கடலில் படிந்தவை, கிரானைட்டும் அப்படியே, அதுதான் முதல் படிவு என்றார். நகைக்க வேண்டாம், உப்பளத்தில் உப்பு படிகமாக இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு அது நல்ல யூகம்தான். எடின்பரோவில் ஜேம்ஸ் ஹட்டன் வேறுவிதமாக நினைத்தார். கிரானைட் கீழிருந்து உருகி வந்தது என்றால், அது சுற்றியுள்ள பழைய பாறையின் விரிசல்களுக்குள் புகுந்திருக்கவேண்டும் அல்லவா? 1785இல் ஸ்காட்லாந்தின் கிளென் டில்ட் பள்ளத்தாக்கில் ஓர் ஓடைப் படுகையில் அதைக் கண்டார். கறுத்த பாறைக்குள் சிவந்த கிரானைட் நரம்பு நரம்பாக ஊடுருவியிருந்தது. புகுந்தது பிந்தியது, புகவிட்டது முந்தியது. கடலில் படிந்த முதல் படிவு, தனக்குப் பிறகு வந்த பாறையைத் துளைத்துக்கொண்டு ஏற முடியாது. ஹட்டன் அதைத் தேடி மலையேறினார். காரணம்பேட்டையில் பொக்லைன் ஓட்டுகிறவருக்கு அது தினசரி கண்ணில் படும் சுவர்.

கலப்பில்லாத தீப்பாறையே வேண்டும் என்றால் கிழக்கே காங்கேயம் போகவேண்டும். அதை ஒட்டிச் சிவன்மலை நிற்கிறது. பக்தர் கனவில் வந்த பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் கோயில் என்று தமிழ்நாடு முழுக்க அறியும் முருகன் மலை. பாறை படித்தவர்களுக்கு அதன் புகழ் வேறு. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் 1901இல் இந்த மலைத்தொடரின் கல்லைப் பற்றி மட்டும் ஒரு தனி ஆய்வேடு எழுதினார். கொல்கத்தாவை நிறுவியதாகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை சென்னைப் பக்கத்துக் கல் என்று கண்டு, அந்த இனத்துக்குச் சார்னோகைட் என்று 1893இல் பெயர் வைத்தவரும் அவரே. பல்லாவரம் மலைக்கல்லுக்கு ஒரு கம்பெனிக்காரரின் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது எனக்கு இன்றும் கொஞ்சம் வருத்தம்தான்.

சிவன்மலைக் கல் நெஃபலின் சயனைட். ஏறத்தாழ 60 கோடி ஆண்டுக்கு முந்தையது. சுற்றியுள்ள நீஸோடு ஒப்பிட்டால் பேரப்பிள்ளை. வெங்கச்சங்கல் இந்தக் கல்லில் கிடையாது. காரணம் சமையல் கணக்குப் போன்றது. உருகிய குழம்பில் சிலிக்கா தாராளமாக இருந்தால், மற்ற தாதுக்கள் எடுத்தது போக மிஞ்சியது குவார்ட்சாக உறையும். சிவன்மலைக் குழம்பில் சிலிக்கா பற்றாக்குறை. பற்றிய மட்டும் பகிர்ந்துகொண்டு நெஃபலின் உருவானது. சில இடங்களில் அலுமினியத்துக்குக் கைகோக்கச் சிலிக்காவே கிட்டவில்லை. அது ஆக்சிஜனோடு மட்டும் சேர்ந்து தனிப்படிகமாக நின்றுவிட்டது. அந்தப் படிகம்தான் குருந்தம். நிறம் சரியாக அமைந்தால் மாணிக்கம், நீலம், அமையாவிட்டால் சாணைக்கல். உலகக் கனிமவியல் அதைக் கொரண்டம் என்று சொல்வது குருந்தம் என்ற நம் சொல்லிலிருந்துதான். வைரத்துக்கு அடுத்த கடினம் கொண்ட ஒரு பொருளுக்கு உலகமே தமிழ்ப் பெயரைச் சொல்கிறது. கத்திக்குச் சாணை பிடிப்பவருக்கு இதை யாராவது சொல்லியிருப்பார்களா தெரியவில்லை.

அதே வட்டாரத்துப் படியூரில் இன்னொரு கதை. 1819, 1820 வாக்கில் அங்கே பச்சைநீல பெரில் கற்களுக்காகச் சுரங்கம் வெட்டினார்கள். பெரில் உருவாக பெரிலியம் வேண்டும். அது வழக்கமான தாதுக்களின் கட்டமைப்பில் பொருந்தாத ஒரு தனிமம். பந்தியில் இடம் கிடைக்காதவர் மாதிரி குழம்பு உறைய உறைய ஒதுங்கிக்கொண்டே வந்து, கடைசியில் எஞ்சிய நீர்ச்சத்துள்ள மிச்சக் குழம்பில் திரண்டுவிடும். அந்த மிச்சம் விரிசலுக்குள் புகுந்து உறைவதே பெக்மடைட் நரம்பு. படிகங்கள் பெரிதாக வளர்வதும், அபூர்வக் கற்கள் கிடைப்பதும் அதில்தான். நொய்யல் கரையில் கொடுமணலில் தொல்லியலாளர் கா. ராஜன் உள்ளிட்டோர் 1985 முதல் நடத்திய அகழாய்வுகளில் பெரிலும் குவார்ட்சும் மணிகளாகச் செய்யப்பட்ட பட்டறைத் தடயங்கள் வெளிவந்தன. ரோமானியர் பெரில்மீது கொண்டிருந்த மோகத்தையும், அது பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருவதையும் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். திருப்பூரின் பனியன் ஏற்றுமதிக்கு முன்னால் இந்த ஆற்றங்கரை கல் ஏற்றுமதி செய்தது. இந்த வியாபாரத்தில் படிவுப்பாறைக்குப் பங்கில்லை. அணிகலனாகும் பெரில் ஆழத்துச் சூட்டில் பிறப்பது, சேற்றில் பிறப்பதில்லை.

தறிக்காரர்களிடம் இழை எண்ணும் சிறு லென்ஸ் இருக்கும்; துணிமேல் வைத்து ஓர் அங்குலத்தில் பாவு எத்தனை, ஊடை எத்தனை என்று பார்க்க. அதே லென்ஸைச் சிவன்மலைக் கல்மேல் வைத்தால் படிகங்கள் ஒன்றின் ஓரத்தில் ஒன்று பல் பதித்து நிற்பதைக் காணலாம். நடுவே சந்து இல்லை. குழம்பு உறையும்போது ஒவ்வொரு படிகமும் அடுத்தது விட்டுவைத்த இடத்தில் வளர்ந்ததால் வந்த பூட்டு அது. ஆழத்தில் மெல்ல ஆறியதால் மணிகள் கண்ணுக்குத் தெரியும் அளவு பெரியவை. விரிசல் வழியே மேலேறிச் சீக்கிரம் ஆறிய டாலரைட் சுவர்களில் மணி பொடியாக, நிறம் கறுப்பாக இருக்கும். கல்லறைக்கும் சமையல் மேடைக்கும் கறுப்பு கிரானைட் என்று விற்பது பெரும்பாலும் அதைத்தான். அது கிரானைட்டே அல்ல.

லென்ஸை இப்போது ஒரு மணற்கல்மேல் வையுங்கள். உருண்டை மணிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டும் நிற்கும். நடுவில் சுண்ணாம்போ இரும்புத் துருவோ சிலிக்காவோ பசையாக ஒட்டியிருக்கும். பசை எட்டாத இடத்தில் ஓட்டை. பாறையின் இந்த உள்ளமைப்பைத் தமிழ்ப் பாடநூல்கள் இழைநயம் என்கின்றன. ஆங்கிலத்திலும் நெசவிலிருந்து எடுத்த சொல்தான் வழங்குகிறது. பல்லடத்தான் காதுக்கு அது உவமையாகவே படாது. தீப்பாறை, கண்ணிக்குள் கண்ணி கோத்த பின்னல். படிவுப்பாறை, அழுத்திக் கட்டிய பஞ்சுப் பேல். பேலைப் பிரித்தால் பஞ்சு உதிரும், பின்னலைக் கிழிக்க வேண்டும்.

இந்த வேறுபாட்டைக் கோயில் கட்டியவர்கள் அனுபவத்தில் அறிந்தார்கள். பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்துக் காஞ்சி கைலாசநாதர் கோயிலில் அடிவரிசை கிரானைட், மேலே மணற்கல். உளிக்கு இளகும் கல் என்பதால் சிற்பி கொண்டாடியிருக்கிறான். 1300 ஆண்டுகளில் மணிகளுக்கு இடையே நீரும் உப்பும் ஏறி முகங்கள் உதிர்ந்து, பிற்காலத்தார் சுதை பூசிவிட்டார்கள். அதே மன்னன் மாமல்லபுரத்தில் கடல் அலைக்கு எதிரிலேயே எழுப்பிய கடற்கரைக் கோயில் கடினக் கல். அதிலும் உப்புக்காற்று முகங்களை மழுக்கியிருக்கிறது, என்றாலும் கட்டடம் நிமிர்ந்து நிற்கிறது. நம் பக்கத்துத் திருமுருகன்பூண்டிச் சிற்பிகள் கல்லைத் தட்டி ஓசை கேட்டுத் தேர்வதும் இதே சோதனைதான். உள்ளே வெடிப்போ ஓட்டையோ இருந்தால் மணியோசை வராது. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் யாரும் மணற்கல்லைத் தேடாததற்கு விளக்கம் தேவையில்லை. சட்னியில் மணல் நெறுநெறுக்கும்.

இனி திருச்சி சாலையில் கிழக்கே. காங்கேயம், வெள்ளகோவில், கரூர், திருச்சி வரை கண்ணில் படும் ஒவ்வொரு குன்றும் பல்லடத்துப் பாறையின் சொந்தக்காரன். திருச்சியைக் கடந்து லால்குடிக்கு வடகிழக்கே போகும்போது கதை மாறுகிறது. கல்லக்குடி வருகிறது. 1939இல் டால்மியா சிமெண்ட் ஆலை வந்து டால்மியாபுரம் ஆகி, அந்தப் பெயரை எதிர்த்த 1953 போராட்டத்தால் தமிழக அரசியலில் இடம்பிடித்த ஊர். அரசியலுக்கு முன் அங்கே பவளமும் பாசியும் வாழ்ந்த கடல் இருந்தது. ஆலைக்காரர்கள் வந்ததே அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்காக. உத்தத்தூர், காரை, அரியலூர் வட்டாரங்களில் கிரெட்டேசியக் காலத்துக் கடல் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. மேய்க்கப் போகிறவர் காலிலும் சுருள் சிப்பி இடறும். இந்தப் படிவுகளை ஆராய்ந்த நிலவியலாளர் பிளான்ஃபோர்டின் ஆய்வேடு 1862இல் வந்தது. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்தில் ஒரு மரம் கல்லாகக் கிடக்கிறது. 1940இல் அதை அடையாளம் கண்டவர் எம்.எஸ். கிருஷ்ணன், பின்னாளில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறைக்கு முதல் இந்திய இயக்குநரானவர்.

உத்தத்தூர்ப் பக்கத்தில் இந்தக் கடற்படிவுகள் எதன்மேல் கிடக்கின்றன? நம் நீஸ்மேல். கீழே 250 கோடி ஆண்டுக் கல், மேலே ஏறத்தாழ 11 கோடி ஆண்டுப் படிவு. இரண்டுக்கும் நடுவில் உள்ள கோட்டின்மேல் கைவைத்தால் சுமார் 240 கோடி ஆண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அந்தக் காலத்துக்குக் கணக்குப் புத்தகமே இல்லை. எழுதியிருந்தாலும் அரித்துப் போய்விட்டது. படிவுப்பாறை மேல்தளத்தில் நடந்ததை நாள்வாரியாக எழுதும் கணக்கப்பிள்ளை. தீப்பாறை ஆழத்தில் நடந்ததை மட்டும் அறியும். சிவன்மலை பல கிலோமீட்டர் ஆழத்தில் உறைந்தது. இன்று நாம் படியேறிச் சாமி கும்பிடுகிறோம் என்றால், மேலே இருந்த அத்தனை பாறையும் எங்கோ போயிருக்கிறது. எங்கே? மழையில் அரித்து, ஆற்றில் உருண்டு, ஏதேதோ கடல்களில் படிவாயிற்று. இன்றும் பல்லடத்தின் வடபாதிச் செம்மண் நொய்யலுக்கும், தென்பாதி அமராவதிக்கும் போகிறது. இரண்டும் காவிரியில் விழுகின்றன. தஞ்சை வண்டலில் ஒரு பிடி நம் ஊர்ப் பாறையாக இருக்கும். தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கல்லை வெளியிலிருந்து இழுத்துவர நேர்ந்ததும் அதனால்தான். வண்டல்மேல் நிற்கும் ஊரில் கல் ஏது?

உலகக் கணக்கோடு ஒப்பிட்டால் நம் நிலைமை தலைகீழ். உலகின் நிலப்பரப்பில் முக்கால் பங்கை மூடியிருப்பது படிவுப்பாறையே. மெல்லிய போர்வை என்பதால் புவி ஓட்டின் கன அளவில் அதன் பங்கு மிகச் சிறிது. தமிழ்நாட்டிலோ ஏறத்தாழ 73 விழுக்காட்டு நிலத்தின் அடியில் கடினப்பாறை. படிவுகள் கடற்கரையை ஒட்டிய பட்டையில் ஒதுங்கிவிட்டன. போர்வை நம்மிடம் இல்லை, அதனால் தாகமும் நம்மோடு.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கனமீட்டர் என்பது 1000 லிட்டர். நல்ல மணற்கல்லில் ஐந்தில் ஒரு பங்கு ஓட்டை என்று வைத்தால் அதற்குள் 200 லிட்டர் நீர் நிற்கும். ஓட்டைகள் ஒன்றோடொன்று திறந்திருந்தால் அதில் நல்ல பகுதி கிணற்றுக்கு நடந்து வரும். வெடிக்காத நீஸில் ஓட்டை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. அரை விழுக்காடு என்றால் 5 லிட்டர். அதுவும் சிறைப்பட்ட நீர், வெளியே வராது. பல்லடத்தில் கிணறு ஊறுகிறதென்றால் கல்லுக்குள்ளிருந்து ஊறவில்லை. இரண்டு இடத்திலிருந்து ஊறுகிறது. ஒன்று, மேலே மக்கிப்போன பாறை. பல இடங்களில் 10 முதல் 30 மீட்டர் வரை சரளையாகவும் பொடிக்கல்லாகவும் இருப்பது. பாட்டன்மார் வெட்டிய கிணறுகள் எல்லாம் இதை நம்பியவை. பக்கச்சுவரில் படுக்கைவாட்டில் துளைபோடும் சைடு போர், இந்த அடுக்கைக் கசக்கிப் பிழியும் கொங்கு உத்தி. மற்றொன்று, கீழே கெட்டிப்பாறையில் ஓடும் விரிசல்.

விரிசலுக்குப் போர்க்காரர் பாஷையில் கேப் என்று பெயர். திருச்செங்கோட்டுப் போர் வண்டி வந்து இரவெல்லாம் சுத்தி இடிக்கும்போது, வெளியே வருவது சாம்பல் நிறப் புழுதி. தோட்டக்காரர் ஓரமாகக் கட்டில் போட்டு உட்கார்ந்திருப்பார்.

"ஏனுங்க, கேப்பு ஏதாச்சும் வந்துதுங்களா?"

"முந்நூத்தி எம்பதுல ஒண்ணு வந்துச்சுங்க, ஈரம் மட்டுந்தானுங்க. இன்னொரு நூறு போட்டுப் பாக்கலாமுங்களா?"

அந்த இன்னொரு நூறுதான் ஆயிரம் அடியில் கொண்டுபோய் விட்டது. ஆழம் போகப் போக மேலே உள்ள பாறையின் கனம் விரிசல்களை அழுத்தி மூடுகிறது. இருக்கும் சில விரிசல்களும் நூறு நூறு ஆண்டுச் சேமிப்பைத்தான் தருகின்றன. அடுத்த தோட்டத்தில் பீறிட்டு வந்தது, நம் தோட்டத்தில் புழுதி மட்டும் பறந்தது என்றால் அதிர்ஷ்டம் அல்ல, வடிவியல். விரிசல் என்பது கோடு. துளை என்பது புள்ளி. கோடு இருக்கும் இடம் தெரியாமல் புள்ளி வைக்கிறோம். தேங்காயை உள்ளங்கையில் நிறுத்தி நீரோட்டம் பார்க்கும் கலைக்குக் கொங்கில் இவ்வளவு மவுசு இருப்பது இந்தக் கல்லால்தான். எனக்குத் தேங்காய்மேல் நம்பிக்கை இல்லை; ஆனால் அந்தக் கலை பிழைக்கும் சூழலைப் பாறை உண்டாக்கியிருப்பதை மறுக்க மாட்டேன். டெல்டா மணலில் சற்றுத் தள்ளிப் போட்டாலும் தண்ணீர்தான். போர் போடும் முறையே வேறு. நம் ஊரில் மேல்மண் சரியாமல் கொஞ்ச தூரம் கேசிங் இறக்கினால் போதும், கீழே பாறை தானே நிற்கும். மணல் அடுக்கில் துளை உடனே சரிந்துவிடும். அடிவரை குழாய் இறக்கி, நீர் வரும் மட்டத்தில் சல்லடைக் கண் வைக்கவேண்டும். பாறையூரில் துளை நிற்கும், தண்ணீர் நிற்காது. மணலூரில் தண்ணீர் நிற்கும், துளை நிற்காது.

நெய்வேலிக்காரர்களிடம் நம் குறையைச் சொன்னால் சிரிப்பார்கள். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது கரிய பொருள் கலந்து வந்தது. பழுப்பு நிலக்கரியின் கதை அங்கே தொடங்கியது. 1956இல் நிலக்கரி நிறுவனம் உருவாகி வெட்டத் தொடங்கும்போது பெரிய எதிரியாக நின்றது நீர். நிலக்கரிக்கு அடியில் கடலூர் மணற்கல் அடுக்கு, அழுத்தத்தோடு நீரைத் தாங்கி நிற்கிறது. இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலெழும். ஆகவே இரவும் பகலும் இறைக்கிறார்கள். ஒரு டன் நிலக்கரிக்குப் பல டன் நீர். ஒரே மாநிலத்தில் ஓரிடத்தில் நீரைத் தேடிக் கல்லைத் துளைக்கிறோம், இன்னோரிடத்தில் கரிக்காக நீரை வெளியேற்றுகிறோம். பல்லடத்துக்குப் பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலும், திருப்பூருக்குப் பவானித் தண்ணீர்க் குழாயும் வரவேண்டியிருந்ததற்கு மழைக்குறைவு ஒரு காரணம். மழை பெய்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளப் பானை இல்லாத பாறை இன்னொரு காரணம்.

பானை இல்லாத பாறை அழுக்கை மட்டும் எளிதில் ஏற்றுக்கொண்டது. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் பிடிக்க உப்பு ஏராளமாக வேண்டும். துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும், உப்பு தண்ணீரோடு வெளியேறும். ஆண்டுக்கணக்கில் அது நொய்யலில் ஓடியது. 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குக் கட்டியது, சாயக்கழிவின் தொட்டியாகிப் போனது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரைச் சொட்டும் வெளியேற்றாத நிலை வரும்வரை சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. சட்டக் கதை பலருக்கும் தெரியும். பாறைக் கதை குறைவாகவே பேசப்பட்டது. உப்பை மணலும் வடிகட்டாது, உண்மை. ஆனால் மணல் அடுக்கில் உப்பு ஒரு முகமாக, மெல்ல, ஏறத்தாழ எல்லாப் பக்கமும் பரவும். எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அளக்கலாம். விரிசல் பாறையில் அது சந்து பிடித்துப் போகும். ஓடைக்கரைக் கிணறு நன்றாக இருக்க, எட்டத்துக் கிணறு கைக்கும் கரிக்கும். குறுக்கே ஒரு டாலரைட் சுவர் நின்றால் ஒரு பக்கம் உப்பு, மறுபக்கம் நல்ல தண்ணீர். யார் கிணறு யாரால் கெட்டது என்று காட்டுவது கடினமானதில் பாறைக்கும் பங்குண்டு.

பல்லடத்துக்கு இத்தனைக்கும் சொந்தமாக ஒரு படிவு இல்லாமலில்லை. தோட்டத்தில் குழி பறித்தால் செம்மண்ணுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாக முண்டுக்கல் வரும். சுக்கான்கல். நீஸ் மக்கும்போது கரையும் சுண்ணாம்பை மழைநீர் கீழே இறக்கும். கோடையில் நீர் ஆவியாக, சுண்ணாம்பு மட்டும் மண்ணுக்குள் உருண்டையாக உறையும். ஓர் எலுமிச்சையைப் பிழிந்தால் நுரைத்துப் பொங்கும். ஜல்லிமேல் பிழிந்தால் ஒன்றும் ஆகாது. பழைய வீட்டுச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு இதைச் சுட்டு எடுத்ததே. கோவைக்குத் தெற்கே மதுக்கரையில் கிடைக்கும் பெரிய சுண்ணாம்புக்கல்லும் ஆதியில் கடல் படிவுதான். நீஸோடு சேர்ந்து வெந்து பளிங்காகிவிட்டதால் அதில் சிப்பியைத் தேடிப் பயனில்லை. கோழித் தீவனத்தில் கலக்கும் சுண்ணாம்புப் பொடியைச் சேர்த்தால், இந்த ஊர்க் கறிக்கோழியின் எலும்புக்குள்ளும் கொஞ்சம் படிவுப்பாறை இருக்கிறது.

புதிய படிவு ஒன்றும் உருவாகிக்கொண்டிருக்கிறது. ஒரத்துப்பாளையம் அணைக்குள் நொய்யல் கொண்டுவந்து சேர்த்த சேறு. நீஸ் மக்கிய களிமண், மணல், நகரத்துக் குப்பை, சாயப்பட்டறைக் கசடு எல்லாம் மெல்லிய அடுக்குகளாக இறங்கியிருக்கின்றன. நீர் வற்றிய மாதங்களில் அது வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். ஒரு பாளத்தைப் பெயர்த்து ஓரத்தைப் பார்த்தால் வரி தெரியும்: வெள்ளம் வந்தபோது இறங்கிய மணல் தடிப்பாக, நீர் நின்ற மாதங்களின் சேறு மெலிசாக.